வாசலை மறித்த வண்டி

“இன்னைக்கு இவன் வண்டியைக் கொளுத்தாம விட மாட்டேன்” என்று காரின் டயரை எட்டி உதைத்தார் அய்யாக்கண்ணு. டயருக்கு ஒன்றும் ஆகவில்லை, அவருடைய கட்டைவிரல்தான் விண்ணென்று தெறித்தது. அதற்கும் சேர்த்துக் கார்க்காரனைத் திட்டினார்.

கார்க்காரன் வேறு யாருமில்லை, எதிர் வீட்டில் இருக்கும் உடன்பிறந்த தம்பி ராஜதுரை. பொதுக்கிணற்றில் எந்த நாளில் யார் மோட்டார் போடுவது என்று எப்போதோ கிளம்பிய தகராறு. நாலைந்து வருடமாக அண்ணன் தம்பிக்குள் பேச்சுவார்த்தை கிடையாது.

மகள் அபிநயா தலைப்பிரசவத்துக்கு அரும்பாவூர் வந்திருக்கிறாள், நாளும் நெருங்கிவிட்டது. ஐப்பசி மழை வேறு விட்டபாடில்லை. “அவசரம் வந்தப்புறம் அலையாதீங்க, எல்லாத்தையும் இப்பவே தயாரா வைங்க” என்று கிராம நர்ஸ் சொல்லிவிட்டுப் போனதை அய்யாக்கண்ணு வேதவாக்காக எடுத்துக்கொண்டார்.

கதவோரம் ஒரு பை. அதில் துணிமணி, ஸ்கேன் ரிப்போர்ட், டார்ச் லைட், சார்ஜர். ரத்தம் தேவைப்பட்டால் கொடுக்க அக்கா மகனிடம் சொல்லியாயிற்று. வண்டிக்கு வேணுகோபாலின் ஆட்டோ. எல்லாம் சரியாக நடக்கிறதா என்று பார்க்க இன்று ஒரு ஒத்திகையும் வைத்தார்.

போன் போட்டதும் ஆட்டோ வந்தது. வந்து தெருமுனையிலேயே நின்றுவிட்டது. அந்த முட்டுச்சந்தில், சரியாக அய்யாக்கண்ணு வீட்டு கேட்டை ஒட்டி, ராஜதுரையின் வெள்ளைக் கார் நின்றது. மிச்ச இடத்தில் ஒரு சைக்கிள்தான் போகும், உள்ளே வந்தால் ஆட்டோவைத் திருப்பவும் இடமில்லை.

நிறைமாத வயிற்றோடு அபிநயா சேற்றில் இறங்கி நடந்தாள். நாலடி வைப்பதற்குள் கால் வழுக்கி, மதில் சுவரைப் பிடித்துத் தப்பித்தாள். அய்யாக்கண்ணு ஓடிப்போய் அவளைத் தாங்கிக்கொண்டார். மகளை உள்ளே உட்கார வைத்துவிட்டு வந்து உதைத்த உதைதான் அது.

“வாங்குன நாள்லேர்ந்து கொட்டாயிலதான நிறுத்துனான்? எம்புள்ள பிரசவத்துக்கு வந்ததுலேர்ந்து இங்க கொண்டாந்து நிறுத்துறான். அதுவும் தினம் ரிவர்ஸ் எடுத்து, மூஞ்சிய மெயின் ரோட்டுப் பக்கமும் பின்பக்கத்த நம்ம வாசலுக்கும் காட்டி நிறுத்துறான் பாரு. எவ்வளவு கொழுப்பு இருக்கணும்?”

மனைவி செங்கமலம் அவர் கையைப் பிடித்தாள். “கத்தாதீங்க. நீங்களே ஒரு வார்த்தை உங்க தம்பிகிட்ட வண்டிக்குச் சொல்லி வைக்கலாம்ல? இந்தக் குண்டும் குழியுமான ரோட்டுல, ஆட்டோவுல பெரம்பலூர் ஆஸ்பத்திரி வரைக்கும் போனா புள்ள என்னாத்துக்கு ஆவும்?”

“அவன்கிட்டப் போயிப் பல்லைக் காட்டச் சொல்றியா? எம்பொணத்தக்கூட அவன் வண்டியில ஏத்தக் கூடாது.”

“பொணத்தப் பத்தி யாரு கேட்டா? புள்ளையப் பத்திப் பேசுங்க.”

சத்தம் கேட்டு, கைலியை மடித்துக் கட்டியபடி ராஜதுரை வெளியே வந்தான். இருவருக்கும் நடுவில் பத்தடி தூரம்கூட இல்லை. ஆனாலும் பேச்சு விட்டவர்கள் நேருக்கு நேர் பேசிவிட முடியுமா? வழக்கம்போல நடுவில் செங்கமலம் மாட்டிக்கொண்டாள்.

“செங்கமலம், வண்டிய எடுக்கச் சொல்லு அவன.”

“எடுக்க முடியாதுன்னு அவருகிட்ட சொல்லுங்க அண்ணி.”

“எங்கப்பன் போட்ட தெரு இதுன்னு சொல்லு.”

“எனக்கும் அவருதான் அப்பன்னு சொல்லுங்க.”

செங்கமலம் வாயைத் திறக்கவே இல்லை. திறக்க யாரும் விடவும் இல்லை. தெருமுனையில் வேணுகோபால் ஆட்டோவை அணைத்துவிட்டு வேடிக்கை பார்த்தான்.

“நிறைமாசப் புள்ள உள்ள இருக்கு. திடீர்னு வலி வந்தா இவன் வண்டியத் தாண்டிக் குதிச்சா போவும்? கேளு அவன.”

“புள்ள இருக்கறது தெரிஞ்சுதான் நிறுத்தியிருக்கேன்னு சொல்லுங்க அண்ணி.”

தெரிந்தே செய்கிறானா? அவன் தூக்கி வளர்த்த பிள்ளை என்றுகூட இல்லையா? கிணற்றுத் தண்ணீருக்காக ஒரு உயிரோடு விளையாடுவானா? மதிலோரம் கிடந்த கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு கார்க் கண்ணாடியை நோக்கிப் பாய்ந்தார் அய்யாக்கண்ணு.

“அடேய், எம்புள்ள சாவணும்னாடா பாக்குற?”

செங்கமலம் ஐயோ என்று அலறினாள். ராஜதுரை ஒரே தாவலில் வந்து, ஓங்கிய கையை மணிக்கட்டோடு பிடித்தான். ராஜதுரையின் கண்கள் சிவந்திருந்தன. பிடித்த கையை அவன் விடவில்லை. இந்த முறை அண்ணியைக் கூப்பிடவும் இல்லை, அண்ணன் முகத்தைப் பார்த்தே கத்தினான்.

“வலி வந்தா நீ எங்கிட்ட வந்து வண்டி கேக்க மாட்டியேண்ணே, அதான் நானே கொண்டாந்து உன் வாசல்ல நிறுத்தி வச்சிருக்கேன்.”