பின்வாசல் பயிற்சி

தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் பதுங்கி நின்றார் ஆறுமுகசாமி மாஷ். மணி எட்டாக ஐந்து நிமிடம். பள்ளிக்கூடத்தில் ஈ, காக்கைகூட இல்லை. ஆனால் மூன்றாம் வகுப்பு அறையில் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது.

'எவனோ உள்ளே இருக்கிறான்.' கையிலிருந்த துணிப்பையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

கேரளத்துக் கொல்லங்கோட்டுக்குப் பக்கத்திலிருக்கும் அந்தத் தமிழ்ப் பள்ளிக்கு வனிதா டீச்சர் தலைமையாசிரியையாக வந்து இரண்டு மாதம்தான். வந்ததும் வராததுமாக, "காலையில அரைமணி நேரம் என் முன்னால பாடம் நடத்திக் காட்டுங்க, சேர்ந்து சரிபண்ணிக்கலாம். விருப்பம் இருக்கறவங்க வந்தாப் போதுமுங்க" என்றார். விருப்பமாம் விருப்பம்! குறையெல்லாம் குறித்து மேலே எழுதிப் போடத்தான் இந்த ஏற்பாடு என்று ஸ்டாஃப் ரூமில் ஒரே பேச்சு.

இருபத்தாறு வருட சர்வீஸ்காரரான வாத்தியார் ஆறுமுகசாமி போன வாரம் தீர்ப்பே சொல்லிவிட்டார். "போறவங்க யாரா இருந்தாலும் செரி, நம்ம மேசையில உக்காந்து சோறு திங்கக் கூடாது!"

மத்தியானம் எல்லோரும் ஒன்றாகச் சாப்பிடுகிற மேசை அது. அங்கிருந்து தள்ளிவைத்துவிட்டால் அப்புறம் அந்தப் பள்ளியில் முகம்கொடுத்துப் பேச ஆளிருக்காது.

பின்வாசல் கதவு திறந்தது. வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகாத கோகுல்நாத் பூனைபோல வெளியே வந்தார்.

"கோகுலு! இங்க வா."

கோகுல்நாத்தின் முகம் வெளுத்துவிட்டது. "சாவிய மறந்துட்டனுங்க மாஷ். எடுக்க வந்தனுங்க."

"சாவி எடுக்க வந்தவன் சட்டையெல்லாம் எதுக்குச் சாக்பீஸ் தூளு?"

அவ்வளவுதான், கோகுல்நாத்துக்குக் கண் கலங்கிவிட்டது. "இன்னிக்குத்தானுங்க மொத தடவ. என் கிளாஸ்ல பாதிப் பேருக்குக் கழித்தலே வரலீங்க. யாருகிட்டப் போயிக் கேக்கறதுங்க?"

"அந்தம்மா உன்னையப் பத்தி மேல எழுதிப் போடுமே, அது தெரியாதா?"

"எதையும் எழுதலீங்க. குழந்தையாட்டமா அவங்களே தப்புத்தப்பாக் கணக்குப் போட்டு, எங்க புரியலேன்னு என்னையக் கண்டுபுடிக்கச் சொன்னாங்க. மேசைய உட்டு மட்டும் தள்ளிப்போடாதீங்க மாஷ்."

மாஷ் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மணி எட்டு தாண்டியிருந்தது.

"ரூல்னா எல்லாருக்கும் ஒண்ணுதான். பத்து மணிக்கு எல்லாரு முன்னாலயும் நீயே சொல்லிப்போடு. இப்பக் கெளம்பு."

கோகுல்நாத் நகரவில்லை. கையெடுத்துக் கும்பிட்டபடி நின்றார்.

"கெளம்புன்னா கெளம்பேன்!"

அப்போது மூன்றாம் வகுப்பு ஜன்னல் திறந்தது. தொட்டி மறைவில் நின்ற கோகுல்நாத் வனிதா டீச்சரின் கண்ணில் படவில்லை; பேச்சுவாக்கில் வெளியே வந்துவிட்ட மாஷ் மட்டும்தான் தெரிந்தார்.

"ஏனுங்க மாஷ், தினமும் டாண்ணு எட்டுக்குப் பாட அட்டைப் பையோட வந்துருவீங்களே, இன்னிக்கு என்னாச்சுங்க?"