தகுதிச் சான்று

தண்டவாளத்தைக் கடந்த ஒருவன் இருதயராஜ் ஓட்டிவந்த ரயிலில் அடிபட்டுச் செத்து நாற்பது நாளாகிறது. பிரேக் போட்டும் வண்டி நிற்கவில்லை. கடைசி நொடியில் அவன் நிமிர்ந்து பார்த்த பார்வை இருதயராஜின் கண்ணைவிட்டுப் போகவில்லை. ரயில்வே கேட்டைக் கண்டாலே கை மரத்துப்போகிறது, மூச்சு அடைக்கிறது. அதைச் சொல்லத்தான் மருத்துவ அதிகாரியிடம் வந்திருந்தார்.

அதிகாரி அவர் கண்ணைச் சோதித்தார், ரத்த அழுத்தம் பார்த்தார், முட்டியில் தட்டினார். முகத்தை மட்டும் பார்க்கவில்லை.

“எல்லாம் நார்மல். லாரிக்காரன் எத்தன பேர அடிக்கிறான், அவன்லாம் லீவு கேக்குறானா? உங்களுக்கு வேலைக்குப் போகச் சோம்பல்.”

“அந்த ஆளு எதுக்க வந்து நிக்கிறான் சார்.”

“அவன்தான் செத்துட்டானேய்யா!”

முத்திரை குத்திய சான்றிதழை அதிகாரி மேசைமேல் தள்ளிவிட்டார். ‘பணிக்குத் தகுதி உண்டு’ என்றிருந்தது. இருதயராஜுக்குச் சிரிப்பு வந்தது. முழங்கால் துள்ளுவதைப் பார்த்து மனசைக் கண்டுபிடிக்கிற மேதை! அதிகாரியின் பேனாவையே எடுத்து, ‘உண்டு’வை அடித்து ‘இல்லை’ என்று எழுதினார்.

“இதத் திருத்த நீ யாருய்யா?”

“எனக்குப் பின்னால ஆயிரம் பேர் உக்காந்து வர்றாங்க சார். அந்த வண்டிய ஓட்டுறவன்.”