மூணு வேளையும் சோறு போடும் தீவு

"கடல் பாத்த ரூம் வேண்டாம் கண்ணு" என்றாள் நல்லம்மாள்.

டிராவல்ஸ் ஆபீஸ் இளங்கோ அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தான். கடற்கரைக்குப் போகிறேன் என்று வந்து உட்கார்ந்துவிட்டுக் கடலை வேண்டாம் என்று சொன்ன முதல் ஆள் இவள்தான்.

பக்கத்து நாற்காலியில் அவள் புருஷன் மருதாசலம் கூனிக்குறுகி உட்கார்ந்திருந்தார். ஐம்பத்தெட்டு வயது. பன்னிரண்டு மெஷின் போட்டு பனியன் தைத்துக் கொடுக்கும் முதலாளி, முருகன் கோயில் கமிட்டியில் பொருளாளர். சுவரெல்லாம் தேனிலவு ஜோடிகளின் படம். தெரிந்தவன் எவனாவது பார்த்துத் தொலைத்தால் மானம் போய்விடும்.

போக வேண்டியது ஏற்கெனவே போயிருந்தது. காலையில்தான் அவருடைய அக்கா சாரதாமணி போனில் பிடித்துக் கிழித்திருந்தாள்.

"பெத்த புள்ள வேத்து மதத்துக்காரனக் கட்டிக்கிட்டுப் போயி முழுசா ரெண்டு வருசம் ஆகுல. இவளுக்குக் கடற்கரை கேக்குதாக்கும்? நீயும் பின்னாலயே போறயே, வெக்கமா இல்ல?"

அதை அப்படியே பெண்டாட்டியிடம் ஒப்பித்து, "காசி ராமேஸ்வரம்னா நானும் சந்தோசமா வாரேன்" என்று இழுத்துப் பார்த்தார்.

"முப்பது வருசமா அடுப்புக்கும் ஓவர்லாக் மெஷினுக்கும் நடுவுல ஓடிட்டு இருக்கறனுங்க. நான் தெச்ச காசுல போறேன். உங்கக்காளுக்கு வெக்கமா இருந்தா அவிய மூஞ்சிய மூடிக்கட்டும்" என்று சொல்லிவிட்டாள்.

இது நல்லம்மாள்தானா என்று அவருக்குச் சந்தேகமே வந்துவிட்டது.

மகள் கலைமகள், கூட வேலை பார்த்த ரஷீதைக் கல்யாணம் செய்துகொண்ட அன்று, சொந்தபந்தம் அத்தனை பேர் முன்னாலும் "எனக்கு மகளே இல்லை" என்று சொன்னவர் மருதாசலம். அன்றிலிருந்து அந்தப் பெயரை வீட்டில் யாரும் எடுக்கக் கூடாது. அவள் எங்கே இருக்கிறாள் என்று அவர் கேட்கவும் இல்லை, சொல்ல வந்த பெண்டாட்டியைச் சொல்ல விடவும் இல்லை. நல்லம்மாளும் கொஞ்ச நாள் அழுதுவிட்டு அடங்கிப்போனாள். இப்போது பார்த்தால் உல்லாசப் பயணம் கேட்கிறாள். பெற்றவளுக்கு இவ்வளவு சீக்கிரமா மறந்துபோகும் என்று, மறக்கச் சொன்ன மனிதருக்கே கசந்தது.

"மாலத்தீவு பாருங்கம்மா. இல்லைன்னா பாலி. எல்லாமே ஆல் இன்க்ளூசிவ்" என்றான் இளங்கோ.

"அப்படின்னா என்னுங்க?" என்றார் மருதாசலம்.

"தங்கறது, மூணு வேளை சாப்பாடு, டீ, ஜூஸ் எல்லாம் ஒரே ரேட்டுல வந்துருங்க சார்."

"ஓ... நூலு, லேபிளு, பேக்கிங் எல்லாம் சேத்து ஒரே ரேட்டு! அப்ப சாம்பிள் காட்டாம எப்படீங்க ஆர்டர் எடுக்கறீங்க?"

இளங்கோ சிரித்துவிட்டான். நல்லம்மாள் சிரிக்கவில்லை. கைப்பையிலிருந்து ஒரு துண்டுச் சீட்டை எடுத்து நீட்டினாள்.

"மொரீஷியஸ்தான் போறோம். அதுலயும் இந்த ஓட்டல்தான்."

"இது சுமாரான ஓட்டலுங்கம்மா. பீச்சும் தள்ளி இருக்குது."

"இருக்கட்டும். சோறு நேரத்துக்குப் போடுவாங்களா? இவருக்குச் சர்க்கரை, வேளை தப்பக் கூடாது. துணி தொவைச்சுக் குடுப்பாங்களா?"

"எல்லாம் உண்டுங்க. எத்தன நாளு? அஞ்சு நைட் போதுங்களா?"

"இருவத்தஞ்சு."

மருதாசலம் எழுந்தே விட்டார். "ஏம்புள்ள, உனக்கென்ன கிறுக்குப் புடிச்சிருக்குதா? கம்பெனிய ஆரு பாக்கறது?"

"சூப்பர்வைசர் பாப்பானுங்க. நீங்க உக்காருங்க."

உட்கார்ந்தார்.

"பிப்ரவரில போறதா இருந்தா ஒண்ணு சொல்லிடறனுங்க" என்றான் இளங்கோ. "அங்க அப்போ புயலும் மழையுமா இருக்கும். கடல்ல எறங்க முடியாமப் போனாலும் போயிருங்க."

"பரவால்ல. போடு கண்ணு."

வாயைத் திறந்து பிரயோஜனமில்லை என்று மருதாசலம் சுவரைப் பார்த்தார். அங்கேயும் ஒரு ஜோடி கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றது. மேஜையைப் பார்த்தார்.

"டால்ஃபின் பாக்கப் படகுல கூட்டிட்டுப் போவாங்க. அதுவும் பேக்கேஜ்ல சேந்ததுதான். ரெண்டு பேருக்கும் பேர் குடுத்துறட்டுங்களா?" என்று கேட்டான் இளங்கோ.

"அவருக்கு மட்டும் குடு."

"ஏன்? நீ எங்க போற?" என்றார் மருதாசலம்.

நல்லம்மாள் அவரை நேராகப் பார்த்தாள்.

"கலைமகளுக்கு அங்கதானுங்க பேறுகாலம். தலைச்சன். ரெண்டு பேரும் அங்க ஒரு துணி மில்லுல வேலைல இருக்காங்க, ஒத்தாசைக்கு ஒரு ஆளில்ல. நீங்க தடுத்தாலும் போவனுங்க. உங்க கமிட்டி நம்மள ஒதுக்கி வெச்சாலும் போவேன்."

இளங்கோ கம்ப்யூட்டரில் எதையோ தேடுவதுபோல் குனிந்துகொண்டான்.

மருதாசலம் மேஜைமேல் கிடந்த அந்தத் துண்டுச் சீட்டை எடுத்துப் பார்த்தார்.

"அப்ப... என்னைய எதுக்குப் புள்ள கூட்டிட்டுப் போற?"

"தனியா உட்டுட்டுப் போனா ஒரு காப்பி வெச்சுக் குடிக்கத் தெரியுங்களா உங்களுக்கு? அதுக்குத்தான் சோறு போடற எடமாப் பாத்தேன். அவ ஊடு அங்கிருந்து ரெண்டு தெரு தள்ளித்தான். பேரனோ பேத்தியோ, பாக்கோணும்னு உங்களுக்கு என்னைக்காவது மனசு வந்துட்டா, ஆரையும் கேக்காம நடந்தே வந்துரலாம்னுதானுங்க இந்த ஓட்டல்."