இருபதுக்குப் பதினஞ்சு

"இருபதடிக்குப் பதினஞ்சடி" என்றார் ராசாத்தி.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பேனர் அடிக்க வந்தவர். அவர் மகளுக்குக் காதணி விழா. வீடு திருக்கோகர்ணத்தில், ஆட்டோ நுழையவே யோசிக்கிற சந்து. அதற்கு இத்தனை பெரிய பிளக்ஸ் பேனரா?

"எங்கிட்டுக் கட்டுவீங்க? வீட்டையே மூடிருமேங்க!"

"அத நாங்க பாத்துக்கிறோம்ங்க. கனமான பிளக்ஸா போடுங்க. நாலு ஓரத்துலயும் ஒரு முழம் வெள்ளையா விட்ருங்க. அங்க மூஞ்சி எதுவும் வரக்கூடாது."

"ஒரு முழம் காலியா விட்டா டிசைன் நல்லாவா இருக்கும்?"

"நல்லா இல்லாட்டிப் பரவாயில்லைங்க."

கேட்டீர்களா? பதினெட்டு வருஷமாக டிசைன் போடுகிறவன் நான். விராலிமலை வரைக்கும் மண்டப வாசலில் நிற்கிற பேனரில் பாதி என் கைவேலை. என்னிடமே வந்து, நல்லா இல்லாட்டிப் பரவாயில்லையாம்!

அவர் தெருமுனை தாண்டியதும் பொரிந்து தள்ளினேன். "எல்லாம் வெத்துப் பகட்டு! எவனோ பன்னெண்டடி வச்சிருப்பான், இவுகளுக்கு இருபது வேணும்."

பிரிண்டிங் மெஷினைப் பார்த்துக்கொண்டிருந்த என் மனைவி பரிமளா திரும்பினாள். "எதுக்குன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

"என்னத்தக் கேக்க? ஆளப் பாத்தாலே என்ன வேணும்னு தெரியும் எனக்கு."

"போன மாசமும் இதத்தான் சொன்னீங்க. அந்தப் பேனரு இன்னும் மூலையில கெடக்கு."

நானே முடிவெடுத்தேன். பன்னிரண்டுக்கு எட்டு. நடுவில் பிள்ளை, ஓரம் வரைக்கும் சொந்தக்காரர் படங்கள், பின்னால் தங்க நிறம். அடித்து முடித்துப் பார்த்தால் எனக்கே கண் பட்டுவிடும் போலிருந்தது. மிச்சக் காசையும் திருப்பிக் கொடுத்தால் அந்தம்மா சந்தோஷமாகப் போவார்.

மறுநாள் சாயங்காலம் தூறலில் நனைந்துகொண்டே ராசாத்தி வந்தார். விடிந்தால் விழா. பேனரைத் தரையில் விரித்தேன். பெற்ற மகள் படத்தைக்கூட அவர் பார்க்கவில்லை. ஓரத்தில் பாதம் வைத்து அளந்தார். முகம் சுண்டிப்போனது.

"இது பத்தாதுங்களே."

"எதுக்குப் பத்தாது? ஒங்க வீட்டு வாசலே பன்னெண்டடிதான்!" கத்தியேவிட்டேன்.

"கூரைக்குப் பத்தாதுங்க."

"எந்தக் கூரைக்கு?"

"பக்கத்து வீட்டு அடைக்கலமேரி அக்கா கூரைக்கு. போன வாரத்து மழையில பிள்ளைய மடியில போட்டுக்கிட்டு ராத்திரி பூராம் உக்காந்தே கெடந்தாக. மேல விரிச்சு ஓரத்துல கல்லு வைக்கணும். எங்க அண்ணன் மூஞ்சியில எப்படிங்க கல்லு வைக்கிறது? அதான் ஓரம் காலியாக் கேட்டேன்."

"ஒரு தார்ப்பாய் வாங்கிக் குடுத்துட்டுப் போக வேண்டியதுதானே?" என் எரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

"வாங்கிட்டுப் போனேன், வேணாம்னுட்டாக. விழா முடிஞ்ச பிளக்ஸு, சும்மாதான் கெடக்குதுன்னு சொன்னா வாங்கிக்குவாகங்க."