வருகைப் பதிவேடு

சாக்கடைக் குழியின் விளிம்பு வரை போன ரோபோ நின்றுவிட்டது. "உள்ளே விஷவாயு அதிகம். இறங்கினால் எனக்குச் சேதம்" என்றது.

"அப்போ நீங்கதான் இறங்கணும், காத்தவராயன்" என்றார் பொறியாளர் பிரசன்னா. "மெஷினுக்குச் சேதம் வரக் கூடாதுன்னு 'பொறுப்பான ரோபோ' ஆலோசனைக் குழுவுல தீர்மானம் போட்டாச்சு. பேராசிரியர், கம்பெனி, குடியிருப்போர் சங்கம், எல்லாரும் சேர்ந்து. தொழிலாளர் சார்பா நீங்களே கையெழுத்துப் போட்டிருக்கீங்க."

அந்தக் கூட்டத்தின் பதிவேட்டை விரித்துக் காட்டினார். காத்தவராயனின் கோணல் கையெழுத்தேதான்.

"இது வாசல்ல, வந்ததுக்குப் போட்டது சார். நான் வாயத் தொறக்கறதுக்குள்ள டீயக் குடுத்து அனுப்பிட்டீங்களே!"

"வந்தவங்க எல்லாரும் ஒத்துக்கிட்டதாத்தான் எழுதுவோம். எல்லாக் கூட்டத்துலயும் அப்படித்தான்."

காத்தவராயனின் அண்ணன் செத்ததும் இப்படியொரு குழியில்தான். காத்தவராயன் பதிவேட்டைப் பிடுங்கிக் குழிக்குள் வீசினார்.

"யோவ்! அது ஒரிஜினல்யா!"

"எல்லாரும் சேந்துதான முடிவு பண்ணீங்க? எல்லாரும் சேந்தே எறங்கி எடுத்துக்கோங்க."