மெத்தை போன இடம்

"போலே சானா, தங்கச்சி."

காலையிலிருந்து இதைக் கேட்டுக் கேட்டு இங்கருக்குக் காது புளித்துவிட்டது. தார் எஸ் சலாமில் தலைவலியானாலும் சாவானாலும் அக்கம்பக்கத்தார் வந்து சொல்லும் ஆறுதல் அது. பதிலுக்கு "அஸாந்தே" என்று ஒரு நன்றி. அதோடு சரி. துடைப்பத்தை ஒருத்தரும் தொடுவதில்லை.

ராத்திரி வீட்டுக்குள் புகுந்த வெள்ளம் வடிந்து, ஹால் முழுக்கச் சேறு. பின்தெரு அஷுராம்மாவோ நாற்காலியைத் துடைத்து உட்கார்ந்தேவிட்டாள்.

"டீ இருக்கா? சர்க்கரை மூணு ஸ்பூன்."

இங்கர் பல்லைக் கடித்துக்கொண்டு போட்டுக் கொடுத்தாள்.

"உங்க டென்மார்க்கைச் சுத்திக் கடலாமே. நீயானா கட்டில் மேல நின்னு கத்தினியாம்?"

இங்கரின் கணவன் யோர்கன் சிரித்தான், இடுப்பைப் பிடித்துக்கொண்டு. அவனுக்கு முதுகுத்தண்டில் கோளாறு. தரையில் படுத்தால் மறுநாள் எழுந்திருக்க முடியாது. அவனுக்காகவே கப்பலில் வந்த மெத்தை, நனைந்து போய் வாசல் மாமரத்தடியில் கிடந்தது.

அஷுராம்மா இன்னொரு டீ கேட்டு வாங்கிக் குடித்தாள். போகும்போது மெத்தையை அமுக்கிப் பார்த்துவிட்டுப் போனாள்.

மத்தியானம் மெத்தையைக் காணோம்.

"அஷுராம்மா ரெண்டு ஆளோட வந்து தூக்கிட்டுப் போனாங்களே" என்றார் காவல்காரர், சாவகாசமாக.

"பாத்தீங்களா? டீ குடிச்சாச்சு, மெத்தையையும் தூக்கியாச்சு. வாசக்கதவு ஒண்ணுதான் பாக்கி."

"விசாரிச்சுட்டுத் திட்டு" என்றான் யோர்கன்.

வெள்ளத்துக்குப் பிறகு இங்கர் கேட்டைத் தாண்டுவது இப்போதுதான். பின்தெரு சரிவாக இறங்கியது. போகப் போகச் சேறு கூடிக்கொண்டே போனது. அஷுராம்மா வீட்டுச் சுவரில், ஜன்னலுக்கும் மேலே ஈரக்கோடு.

தகரக் கூரையில், சுள்ளென்ற வெயிலில், யோர்கனின் மெத்தை.

"வா தங்கச்சி. உன் வீட்டு மரநிழல்ல அது ஒரு வாரமானாலும் காயாது. இங்க தகரம் சுடுது. சாயங்காலம் கொண்டுவந்து போட்டுடறோம். பாவம், அவர் முதுகு."

இங்கருக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. "உங்க வீட்ல இவ்வளவு தண்ணி வந்திருக்கு. ஏன்க்கா சொல்லவே இல்ல?"

"விசாரிக்க வந்த இடத்துல சொந்தக் கஷ்டத்தைச் சொல்லுவாங்களா? நீ கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

இங்கர் மறுபடி கூரையைப் பார்த்தாள். அதில் ஒரு மெத்தைக்குத்தான் இடம். அஷுராம்மாவின் மெத்தை கீழே சுவரில் சாய்ந்து, இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது.

"போலே சானா, அக்கா" என்றாள் இங்கர்.

"அஸாந்தே. உக்காரு தங்கச்சி. டீ மட்டும் கேட்டுடாதே, அடுப்பு இன்னும் சேத்துக்குள்ளதான் இருக்கு."