நிமிஷத்துக்கு ஒரு விலை

"திருட்டுதான். சந்தேகமே இல்லை!" என்றாள் அம்பிகா.

அனீஸ் அவள் லேப்டாப்பை எட்டிப் பார்த்தான். ஒரே போன் நம்பர். நேற்றுக் காலையில் மட்டும் முப்பத்திரண்டு தடவை கூப்பிட்டிருந்தது. இன்றும் ஆரம்பித்தாயிற்று.

கூடப் படித்த இருவரும் சேர்ந்து, மாரண்டஹள்ளியில் ஓர் உரக்கடை மாடியில் நடத்தும் சேவை அது. விவசாயி போன் போட்டு, காய்க்கு ஒரு எண், சந்தைக்கு ஒரு எண் அமுக்கினால் போதும். அம்பிகா பதிவு செய்து வைத்த குரலில், "வணக்கங்க, பாலக்கோடு தக்காளி..." என்று சர்வர் அன்றைய விலையைச் சொல்லிவிடும்.

நேற்று முன்தினம் வரை சர்வர் என்பது மூலையில் கிடந்த பழைய கம்ப்யூட்டர். கரண்ட் போனால் அதுவும் படுத்துவிடும். பொறுத்துப் பார்த்துவிட்டு, மும்பையில் எங்கோ இருக்கும் கிளவுட் மெஷின் ஒன்றை வாடகைக்குப் பிடித்தாள் அம்பிகா. புரோகிராமையும் அதற்கு வேண்டிய சாமான்செட்டையும் ஒரே கன்டெய்னராகக் கட்டி அனுப்பி, ஒரு கட்டளையைத் தட்டினாள்.

இருபதே வினாடி. இங்கே ஓடியது அச்சு அசலாக அங்கே ஓட ஆரம்பித்துவிட்டது!

"கண்ணால பாக்காத மெஷின்ல என் குரல் பேசுதுடா!" அவளுக்குப் புல்லரித்துப் போனது.

புது மெஷின் முதன்முதலாகக் காட்டிய அழைப்புப் பட்டியலால், அந்தச் சந்தோஷத்தில்தான் இப்போது மண் விழுந்திருந்தது.

"எட்டு காய், நாலு சந்தை. ஒண்ணு விடாம கேட்டிருக்கான். அதுவும் கரெக்டா நிமிஷத்துக்கு ஒண்ணு. ஒரு வினாடி பிசகலை. மனுஷன் இப்படிக் கூப்பிடுவானா? நாம நாலு சந்தைக்கும் ஆள் வெச்சு விலை வாங்கறோம், எவனோ மெஷினை வெச்சு மொத்தமா உருவறான்."

"ஒரு தடவை பேசிப் பாத்துடலாமே?" என்றான் அனீஸ்.

"திருடன்கிட்ட என்ன பேச்சு?"

நம்பரைத் தடைப்பட்டியலில் போட்டாள். கன்டெய்னரை மறுபடி கட்டி அனுப்பினாள். மறுபடி இருபதே வினாடி. அவ்வளவுதான், கதவு சாத்தியாகிவிட்டது.

பத்து நிமிஷத்தில் ஆபீஸ் போன் அடித்தது. அதே நம்பர்!

"வசமா மாட்டினான்," என்று ஸ்பீக்கரைப் போட்டாள்.

காற்று இரைச்சலுக்கு நடுவே ஒரு பெண் குரல். "ரேட்டு ஆபீசுங்களா? வத்தல்மலையில இருந்து குள்ளம்மாள் பேசறேங்க. அஞ்சு ரேட்டு வந்துச்சு. அப்புறம் அந்த நம்பருக்குப் போனே போக மாட்டேங்குது."

"முப்பத்திரண்டு விலையும் உங்களுக்கு எதுக்குங்க?"

"எனக்கு எதுக்குங்க? எனக்கு இருக்கறது அரை ஏக்கரா பீன்ஸு. இதெல்லாம் ஊருக்குங்க. நாப்பது வூடு இருக்குது, ஒரு வூட்டுலயும் டவர் எடுக்காது. இந்தப் பாறை மேல ஏறினாத்தான் கெடைக்கும். நான் கேட்டுட்டுப் போயி ரேஷன் கடை சுவத்துல எழுதிப் போட்டாத்தான், எதை எந்தச் சந்தைக்கு ஏத்தறதுன்னு அவங்களுக்குத் தெரியும். ஏழு மணிக்கு ஜீப்பு எறங்கிடுங்க. இன்னிக்குக் குருட்டாம்போக்குல ஏத்தி வுட வேண்டியதுதானா?"

அம்பிகாவுக்கு முகம் செத்துவிட்டது. மணி ஆறரை. அனீஸ் அன்றைய விலைப்பட்டியலை அவள் பக்கம் நகர்த்தினான். திட்டியிருந்தால்கூடத் தேவலை போலிருந்தது.

"தப்பு எங்க மேலதாங்க. நாளையிலேர்ந்து ஒழுங்கா வரும். இன்னிக்கு நானே சொல்றேன், எழுதிக்குங்க அக்கா."

மீதி இருபத்தேழு விலையையும் ஒரே மூச்சில் படித்தாள்.

மறுமுனையில் ஒரு சிரிப்பு. "அட, தெனமும் ரேட்டு சொல்ற புள்ள நீதானா! அதே கொரலு!"

அது பதிவுக் குரல் என்று சொல்ல அம்பிகாவுக்கு வாய் வரவில்லை. நாற்பது வீட்டுக்காக ஒருத்தி தினமும் பாறை ஏறுகிறாள். மும்பை மெஷினை நினைத்துப் புல்லரித்ததெல்லாம் ஒன்றுமே இல்லை என்று பட்டது. ஆனாலும் ஒன்று மட்டும் உறுத்தியது.

"அக்கா, ஒண்ணு கேக்கட்டுங்களா? அவசரத்துலயும் ஏன் நிமிஷத்துக்கு ஒரு தடவைதான் கூப்பிடறீங்க?"

"அதுவா? போன்ல மணி மாறுற வரைக்கும் பாத்துக்கிட்டே நிப்பேன். நீ ஒருத்தியா ஒக்காந்து ஊருக்கெல்லாம் சொல்றே, பாவம். நடுவுல ஒரு வாய் தண்ணி குடிச்சுக்கட்டுமேன்னுதான் கண்ணு!"